பக்கவாட்டில் ஒரு படம்

அறுவை முடிந்து மூன்றாம் மாதம். மருத்துவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அக்காவின் வலது கால், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, ஒரே நீண்ட எக்ஸ்ரே படமாக நின்றது. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு பச்சைக் கோடு போட்டார். கோடு முழங்காலின் மையத்தைத் தாண்டிச் சற்று வெளிப்புறமாக இறங்கியது. "அருமையாக வந்திருக்கிறது" என்றார். அது பொய்யல்ல. முப்பது ஆண்டுகளாக வில்லாக வளைந்திருந்த கால் நிமிர்ந்துவிட்டது. முழங்காலின் உட்புறத்தில் ஒவ்வோர் அடிக்கும் குத்திய வலியும் போய்விட்டது. அக்கா அன்று கோயில் பிரகாரத்தை மூன்று முறை சுற்றி வந்தாள்.

பத்தாம் மாதம் அவள் சொன்னது வேறு. "ஏறும்போது ஒண்ணுமில்லடா தம்பி. இறங்கும்போதுதான் முன்னாடி, இந்தச் சில்லுக்குள்ள, யாரோ மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கு." அவள் குடியிருப்பது மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில். குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. வாசலில் கோலம் போடுவதை மருமகளிடம் விட்டுவிட்டாள். மீண்டும் போனோம். மீண்டும் அதே நீண்ட படம், அதே கோடு, அதே பாராட்டு. முன்பக்கத்து வலி போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள்.

இப்போது இடது காலுக்கும் அதே அறுவையைச் செய்துகொள்ளலாமா என்ற கேள்வி வீட்டில் எழுந்திருக்கிறது. அதன் பொருட்டு நான் சில மாதங்கள் வாசித்தேன். நான் மருத்துவனல்லன். அக்காவின் வலிக்குச் சில்லுதான் காரணம் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. உள்ளே இருக்கும் தகடு உறுத்தலாம், தொடைத் தசை மெலிந்திருக்கலாம். ஆனால் வாசித்ததிலிருந்து ஒன்று உறுதியாகப் பட்டது. முழங்காலை நேராக்கும் இந்த அறுவையின் வெற்றியை முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து அளக்கிறார்கள். அதனால் முட்டிச் சில்லுக்கு என்ன ஆகிறது என்பதோ பக்கவாட்டுப் படத்தில்தான் தெரிகிறது. அந்த இரண்டாவது படத்தைப் பற்றி நோயாளியிடம் யாரும் பேசுவதில்லை.

முதலில் அறுவை. முழங்காலில் மூன்று அறைகள் உண்டு: தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் உள்ளறை, வெளியறை, இவற்றுக்கு முன்னால் சில்லும் தொடை எலும்பின் பள்ளமும் உரசும் முன்னறை. வில்காலில் உடலின் பாரம் உள்ளறையின் மீது அளவுக்கு மிஞ்சி விழுகிறது. அங்கே குருத்தெலும்பு தேய்கிறது, தேயத்தேய வளைவு கூடுகிறது, வளைவு கூடக்கூடத் தேய்மானமும் விரைகிறது. இந்தச் சுழலை உடைக்க, முழங்காலுக்குச் சற்றுக் கீழே கீழ்க்கால் எலும்பை வெட்டி, அதன் அச்சைத் திருத்தி, பாரத்தைத் தேயாத வெளியறைப் பக்கம் தள்ளுகிறார்கள். மூட்டை அறுத்தெறிந்து உலோகம் வைப்பதில்லை. நோயாளியின் சொந்த மூட்டு அப்படியே இருக்கிறது. ஐம்பதுகளில் இருக்கிற, உழைத்தாக வேண்டிய ஒருவருக்கு இது சின்ன விஷயமல்ல.

எலும்பை வெட்டி நேராக்குவது பழைய யோசனை. கிளாஸ்கோவில் புகை மூடிய வானத்தின் கீழ் ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்த குழந்தைகளுக்காக வில்லியம் மெக்கேவன் உளியை எடுத்தார். 1880இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மூட்டுத் தேய்மானத்துக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று இங்கிலாந்தில் ஜாக்சனும் வாவும் 1961இல் எழுதினார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் மார்க் காவென்ட்ரி 1965இல் அதற்கொரு முறையான வடிவம் கொடுத்தார்: வெளிப்புறத்திலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டு எலும்பை எடுத்துவிட்டு இடைவெளியை மூடுவது. ஜப்பானின் ஃபுஜிசாவா குழு 54 முழங்கால்களை உள்நோக்கிக் குழாய் வழியே பார்த்து 1979இல் எழுதியதிலிருந்து, பாரக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஓர் இலக்கு கிடைத்தது. மூட்டின் அகலத்தை உட்புறத்திலிருந்து அளந்தால் ஏறத்தாழ 62 சதவீதத்தில் அந்தப் புள்ளி இருக்கிறது. எங்கள் மருத்துவர் திரையில் போட்ட பச்சைக் கோடு தேடிப் போனது அதைத்தான்.

இவை எல்லாம் முன்பக்கப் படத்தின் கணக்குகள் என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பக்கப் படத்தில் சில்லு தொடை எலும்பின் மேல் விழுந்த மங்கிய நிழல். அது எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான். உயரமா தாழ்வா, பள்ளத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்கெல்லாம் அந்தப் படத்திடம் பதில் கிடையாது.

சில்லை இப்படி மறந்துபோவது மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1937இல் ரால்ஃப் ப்ரூக் என்ற ஆங்கிலேய அறுவையாளர், முட்டிச் சில்லு பரிணாமத்தின் மிச்சம், அதை எடுத்துவிட்டால் கால் இன்னும் நன்றாகவே இயங்கும் என்று வாதிட்டார். முறிந்த சில்லுகளை ஒட்டவைக்க மெனக்கெடாமல் எடுத்து வீசும் வழக்கம் சில காலம் செழித்தது. 1945இல் ஹாக்ஸ்டன் அதை மறுத்து எழுதினார்: சில்லு போனால் காலை நீட்டும் வலு குறைகிறது. காரணம் நெம்புகோல். தொடையின் முன்தசை தன் நாணைச் சில்லின் மீது ஏற்றி, எலும்பிலிருந்து சற்று விலக்கி நிறுத்தி இழுக்கிறது. விலகல் கூடினால் அதே இழுப்புக்குக் கூடுதல் பலன். கிணற்று ராட்டினம் கயிறு போகும் திசையை மாற்றித் தருகிறது. சில்லு திசையையும் மாற்றி, பிடியையும் நீட்டித் தருகிறது. இதற்கான விலையாக, தசையின் இழுப்பும் நாணின் இழுப்பும் சேர்ந்து சில்லைத் தொடை எலும்பின் மீது அழுத்துகின்றன. கால் மடங்க மடங்க அழுத்தம் ஏறும். 1972இல் ரெய்லியும் மார்ட்டென்ஸும் இதைக் கணக்கிட்டார்கள்: சமதரையில் நடக்கும்போது உடல் எடையில் பாதி, மாடிப்படியில் மூன்று மடங்குக்கு மேல், ஆழ்ந்து குந்தி எழும்போது ஏழரை மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண் கோலம் போட்டு எழும்போது அந்தச் சிறு எலும்பின் பின்னால் நானூற்றைம்பது கிலோ. உடம்பிலேயே மிகத் தடித்த குருத்தெலும்பு சில்லின் முதுகில் இருப்பது சும்மா இல்லை.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. பெல்ஜியத்தின் எலும்பு அறுவையாளர் பால் மாக்கே. முழங்கால் என்பது முன்பக்கப் படம் அல்ல, விசைகள் சந்திக்கும் ஒரு முச்சந்தி என்று கருதியவர். சில்லின் நாண் கீழே போய் ஒட்டும் இடம் கீழ்க்கால் எலும்பின் முன்புறத்தில் இருக்கிறது. முட்டிக்குக் கீழே விரலால் தடவினால் தட்டுப்படும் அந்த மேட்டை 'முன்மேடு' என்று இந்தக் கட்டுரைக்காக அழைக்கிறேன். மாக்கே அந்த மேட்டைச் சுமார் 2 சென்டிமீட்டர் முன்னோக்கித் தூக்கி, அடியில் எலும்புத் துண்டு வைத்து நிறுத்தினார். நெம்புகோல் நீள்வதால் சில்லின் அழுத்தம் பாதியளவுக்குக் குறையும் என்பது அவர் கணக்கு. அவர் முறை நிலைக்கவில்லை; இழுத்துத் தைத்த தோல் சிலருக்கு அழுகிப்போனது. ஆனால் வில்காலை நேராக்கும்போதே சில்லின் பாரத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. மாக்கே மொழிபெயர்ப்பாளரும்கூட. பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியரான போரெல்லி லத்தீனில் எழுதி, அவர் இறந்த பின் 1680–81இல் அச்சேறிய 'விலங்குகளின் இயக்கம் பற்றி' என்ற நூலை மாக்கே ஆங்கிலத்தில் கொண்டுவந்தார், 1989இல் வெளியானது. எலும்பு தன் மீது விழும் பாரத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மனியின் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதிய நூலையும் இன்னொருவருடன் சேர்ந்து மொழிபெயர்த்திருக்கிறார். தசைகள் குட்டையான பிடியிலிருந்து இழுக்கின்றன, ஆகவே தூக்கும் பாரத்தைவிடப் பன்மடங்கு விசையை அவை செலுத்தியாக வேண்டும் என்பது போரெல்லியின் பெரிய கண்டுபிடிப்பு. அதை வரி வரியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஒருவர் கையில் கத்தி இருந்தபோது சில்லை மறக்கவில்லை என்பதில் வியப்பில்லை. மொழிபெயர்ப்பு எதற்கு உதவும் என்று கேட்கும் நண்பர்களுக்கு இனி இதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

சரி, சில்லுக்கு என்னதான் ஆகிறது?

காவென்ட்ரியின் முறையில் வெளிப்புறத்தில் எலும்பு எடுக்கப்பட்டு இடைவெளி மூடப்படுகிறது. இன்று பரவலாகச் செய்யப்படுவது இதற்கு எதிரானது: உட்புறத்தில் வெட்டி, வெளிப்புற விளிம்பைக் கீலாக வைத்துக்கொண்டு, கதவைப்போல் இடைவெளியைத் திறந்து, தகடு வைத்துத் திருகுவது. 2000க்குப் பிறகு திருகுகள் தகட்டோடு பூட்டிக்கொள்ளும் உறுதியான தகடுகள் வந்ததும் இந்தத் 'திறந்த ஆப்பு' முறை வேகமாகப் பரவியது. நரம்புக்கு ஆபத்து குறைவு, எலும்பு இழப்பில்லை, மேசையிலேயே கோணத்தைத் திருத்திக்கொள்ளலாம். எல்லாம் நல்ல காரணங்கள்.

ஆனால் வழக்கமான வெட்டு முன்மேட்டுக்கு மேலே போகிறது. ஆகவே இடைவெளி திறக்கும்போது மூட்டின் தளம் மேல்துண்டோடு தங்கிவிட, முன்மேடு கீழ்த்துண்டோடு கீழே இறங்குகிறது. சற்று வெளிப்புறமாகவும் நகர்கிறது. சில்லு நாணால் முன்மேட்டோடு கட்டப்பட்டது. நாண் நீளாது. கட்டுத்தறி நகர்ந்தால் மாடும் நகர வேண்டியதுதான்: மூட்டை நோக்கச் சில்லு தாழ்கிறது. எவ்வளவு? கீழ்க்கால் எலும்பின் மேல்தளச் சரிவு கெடாமலிருக்க, முன்மேட்டருகே இடைவெளி உட்புறப் பின்விளிம்பில் உள்ளதில் பாதியாக இருக்க வேண்டும் என்பது அறுவையாளர்களின் கைக்கணக்கு. அப்படியானால் 10 மில்லிமீட்டர் ஆப்புக்கு முன்மேடு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இறங்கும். அக்காவுக்கு வைத்த 12 மில்லிமீட்டருக்கு 6. ஆறு மில்லிமீட்டர் ஒரு பென்சிலின் கனம்கூட இல்லையே என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் சில்லின் வழுக்குப் பரப்பே மூன்று சென்டிமீட்டர் அளவுதான் என்று நினைத்துக்கொண்டால் அது சிறிதல்ல. தாழ்ந்த சில்லு மடக்கத்தின் தொடக்கத்திலேயே பள்ளத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஸ்டோஃபெல் குழுவினர் இறந்தோரின் முழங்கால்களில் அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான திறந்த ஆப்புக்குப் பின் சில்லின் அழுத்தம் கூடியது. முன்மேடு இறங்காமல் வெட்டியபோது அப்படிக் கூடவில்லை.

இந்தத் தாழ்வை அளக்கும் கோல்களின் கதைதான் என்னை நீண்ட நேரம் நிறுத்தியது. சில்லின் உயரத்தை அளக்க உலகம் முழுதும் அதிகம் பயன்படுவது 1971இல் இன்சாலும் சால்வாட்டியும் கொடுத்த விகிதம்: நாணின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுப்பது. எளிய கோல், எந்த மடக்கத்திலும் எடுக்கலாம். ஆனால் நம் அறுவையில் என்ன நடந்தது? நாண் அப்படியே இருக்கிறது. சில்லும் அப்படியே இருக்கிறது. நாண் ஒட்டிய மேடும் அதனுடனே நகர்ந்துவிட்டது. ஆகவே சில்லு மூட்டிலிருந்து ஆறு மில்லிமீட்டர் இறங்கிய பிறகும் இந்தக் கோல் முன்பு காட்டிய அதே எண்ணைக் காட்டும். அடிக்கல்லோடு சேர்த்து வீடு மொத்தமும் இறங்கியபின் உள்ளே நின்று கூரையின் உயரத்தை அளப்பதைப் போன்றது இது.

1977இல் பிளாக்பர்னும் பீலும், 1982இல் கேட்டனும் தெஷாம்பும் தந்த விகிதங்கள் அப்படியல்ல. அவை சில்லின் வழுக்குப் பரப்பின் கீழ்நுனியிலிருந்து மூட்டின் தளத்துக்கு உள்ள தொலைவைப் பார்க்கின்றன. கேட்டன் விகிதத்தில் 0.6க்குக் கீழே போனால் தாழ்ந்த சில்லு. வழுக்குப் பரப்பு 30 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஆறு மில்லிமீட்டர் இறக்கம் அந்த விகிதத்தில் 0.2ஐக் கழித்துவிடும். 0.95இல் தொடங்கியவருக்கு 0.75; கவலையில்லை. 0.75இல் தொடங்கியவர் 0.55இல் போய் நிற்பார். இந்தக் கணக்கைப் போட அறுவைக்கு முன்பே ஒரு பக்கவாட்டுப் படமும் ஓர் அளவுகோலும் போதும். இரண்டு நிமிட வேலை.

பழைய மூடிய ஆப்பு முறையிலும் சில்லுகள் தாழ்ந்தன என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் புதியதைப் பழிக்கப் பழையதைப் புகழ்ந்தவனாவேன். கணக்குப்படி அங்கே முன்மேடு மூட்டை நோக்கி மேலேறுகிறது. சில்லு தளர வேண்டும். ஆனால் அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்த கால்களில் நாணைச் சுற்றித் தழும்பு படர்ந்து நாணே சுருங்கியது. பெரும்பான்மையோருக்குச் சில்லு தாழ்ந்ததை இன்சாலின் குழுவினரே 1989இல் எழுதினார்கள். அந்தச் சுருக்கத்தை இன்சாலின் கோல் சரியாகவே காட்டும், ஏனென்றால் அங்கே நாணின் நீளம் உண்மையில் மாறியிருக்கிறது. மாவுக்கட்டை விட்டு உறுதியான தகட்டுக்கு மாறி, காலை விரைவில் மடக்கத் தொடங்கிய பிறகு அந்தச் சிக்கல் பெருமளவு குறைந்தது. ஒரு காரணம் போனது. வேறு காரணம் வந்தது. பழைய கோல் புதிய காரணத்தைக் காணவில்லை.

இதெல்லாம் எண்கள், நோயாளிக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சில்லு தாழ்ந்த பலருக்கு முதல் சில ஆண்டுகளில் எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. பத்தாண்டுக்குப் பின்னும் பெரும்பான்மையோர் மூட்டு மாற்று இல்லாமல் நடமாடுகிறார்கள். அக்காவையே கேட்டால், உட்புற வலி போனதற்காகவே மறுபடியும் இதைச் செய்துகொள்வேன் என்பாள், கேட்டேன், சொன்னாள். ஆனால் தகட்டை எடுக்கும்போது மீண்டும் உள்நோக்கிக் குழாய் போட்டுப் பார்க்கும் வழக்கமுள்ள ஜப்பான், கொரிய அறுவையாளர்கள், சிலருக்குச் சில்லறையின் குருத்தெலும்பு இடைப்பட்ட காலத்தில் மேலும் தேய்ந்திருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். பெரிய ஆப்பு வைத்தவர்களிடம் அது கூடுதலாகத் தென்படுகிறது என்றும் சொல்கிறார்கள். இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்களில் பலர் தரையில் அமரும் வழக்கமுள்ள நாட்டினர் என்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இன்னொன்று: ஒருநாள் மூட்டு மாற்று தேவைப்பட்டால், தாழ்ந்த சில்லு அந்த இரண்டாம் அறுவையையும் கடினமாக்குகிறது. நாண் குறுகலான இடத்தில் இறுகிக் கிடக்க, சில்லை ஒதுக்கி மூட்டைத் திறப்பதே பாடாகிவிடும்.

'தொந்தரவு இல்லை' என்பதை யார் எப்படிக் கேட்டு எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முழங்கால் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் லிஷோம் மதிப்பெண் சுவீடனில் 1980களில், தசைநார் அறுந்தவர்களுக்காக உருவானது. மொத்தம் நூறு. வலிக்கு 25, மூட்டு நழுவாமைக்கு 25, மூட்டு பூட்டிக்கொள்ளாமைக்கு 15, மாடிப்படிக்கு 10. குந்துவதற்கு 5. ஆக, ஒருவர் குந்தவே முடியாமல் போனாலும் அவர் 95 வாங்கித் 'தேறியவர்' பட்டியலில் இருப்பார். சுவீடனில் அது சரியான விகிதமாக இருக்கலாம். அங்கே குந்துவது தோட்ட வேலைக்கும் விளையாட்டுக்கும்தான். தரைமட்டக் கழிப்பறைக்குப் போகிற, நாற்று நடுகிற, பூ கட்டுகிற, அரிவாள்மணையில் உட்காருகிற, பள்ளிவாசலிலும் கோயிலிலும் மண்டியிடுகிற ஒரு சமூகத்தில் அந்த ஐந்து எப்படி ஐந்தாகவே இருக்க முடியும்? வேறொரு வாழ்க்கைக்குச் செய்த தராசில் நம் முழங்கால்களை நிறுத்து, எடை சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நம் ஊர் முட்டி மருத்துவத்தின் மீது என் குறை இதுதான். தனி மருத்துவர் எவர் மீதுமல்ல.

மாற்று இல்லாமலும் இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த காஸ்பேக்கும் உடனிருந்தோரும் 2004இல் விவரித்த வெட்டில், கிடைவெட்டு முன்மேட்டை நெருங்கியதும் மேலே திரும்பாமல் கீழ்நோக்கித் திரும்புகிறது. முன்மேடு மேல்துண்டோடு, அதாவது மூட்டோடு, தங்கிவிடுகிறது. இடைவெளி எவ்வளவு திறந்தாலும் சில்லும் மூட்டும் இருந்த தொலைவிலேயே இருக்கின்றன. முன்மேட்டை முன்னிருந்து பின்னாக ஒரு திருகு பிடித்துக்கொள்கிறது. இதற்கும் விலை உண்டு: அந்த மெல்லிய மேடு முறியலாம், எலும்பு கூடுவது தாமதமாகலாம், அறுவை சற்று நீளும். எல்லோருக்கும் இதையே செய் என்று நான் சொல்ல வரவில்லை. சிறிய ஆப்பு, உயரமான சில்லு, தேயாத சில்லறை என்றிருந்தால் பழைய வெட்டே போதும். பெரிய ஆப்பு தேவைப்படும்போது, சில்லு ஏற்கனவே தாழ்ந்திருக்கும்போது, அதன் முதுகு ஏற்கனவே தேயத் தொடங்கியிருக்கும்போது, மேல்நோக்கி வெட்டப் போகிறவர் ஏன் என்று ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும் என்கிறேன். அறுவைக்கு முன் அக்கா கையெழுத்திட்ட தாள் நான்கு பக்கம். இரத்தம் உறைதல் இருந்தது, தொற்று இருந்தது, தகடு உடைதல்கூட இருந்தது. சில்லு என்ற சொல் அதில் இல்லை.

சொல்லாததற்கான காரணத்தையும் யோசித்தேன். அலட்சியம் என்று சொல்லிவிட்டால் எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீண்ட படத்தில் விழும் கோடு அழகானது. ஒரே பார்வையில் புரிவது. முன்னும் பின்னும் ஒப்பிட்டு நோயாளிக்கும் காட்டக்கூடியது. அக்கா அதைக் கைப்பேசியில் படம்பிடித்து உறவினருக்கெல்லாம் அனுப்பினாள். சில்லின் கதையில் அப்படியொரு படம் கிடையாது. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண், ஆண்டுகள் கழித்து வரலாம் வராமலும் போகலாம் என்கிற தேய்மானம், எந்தக் கோலால் அளந்தாய் என்ற தகராறு. நாவல் விமர்சனத்தில் கதைச்சுருக்கம் சொல்வது சுலபம், நடையைப் பற்றிப் பேசுவது கடினம் என்பதைப் போல. கடினமானதைப் பேசாமல் விடுவதற்கு அது ஒரு காரணம்தான், நியாயமாகாது.

சென்ற மாதம் வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். இளையவர், அவசரப்படாதவர். இடது முழங்காலைப் பக்கவாட்டில், முப்பது பாகை மடக்கி, ஒரு படம் எடுக்கச் சொன்னார். திரையில் இரண்டு கோடுகள் போட்டார். 0.8. வலது காலின் பழைய படங்களில் பக்கவாட்டுப் படம் ஒன்று கோப்பின் அடியில் கிடந்தது, அறுவைக்கு முந்தையது, யாரும் அளந்திருக்கவில்லை. அதிலும் போட்டார். 0.75. புதிய படம் எடுத்து மறுபடியும் போட்டபோது 0.56 என்று வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். இடது காலுக்கு 11 மில்லிமீட்டர் வேண்டியிருக்கும், கீழ்நோக்கி வெட்டலாம், ஆனால் முன்மேடு கூடும்வரை முதல் ஆறு வாரம் தானாகக் காலைத் தூக்கி நீட்டக் கூடாது, அது சிரமமாக இருக்கும் என்றார். உள்நோக்கியில் சில்லின் முதுகைப் பார்த்துவிட்டே இறுதி முடிவு.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவரிடம், "அந்தப் பொண்ணு இறங்குற மாதிரி நான் படியில இறங்குவேனா, டாக்டர்?" என்று கேட்டாள். வெளியே, எதிர்க் கட்டடத்தின் படிகளில், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். மருத்துவர் எழுந்து ஜன்னலருகே வந்து பார்த்தார். "குடம் இல்லாமல்" என்றார்.